கவுலிங்குல விரிசலாம், ஊரையே கூட்டிப்போட்டான்

ஏங் கண்ணு, என்னத்துக்கு மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறே? ஆருக்கு என்ன ஆச்சு? அட, ஏரோப்ளேன் மூக்குத் தகட்டுல, கவுலிங்குல விரிசலா? அதுக்கா அஞ்சாறு பேரு வட்டம் கட்டி நின்னு போன்ல வெளிச்சம் அடிக்கறீங்க? பாம்பு கீம்பு பூந்துக்கிச்சோன்னு நானு தடியெடுத்துக்கிட்டு வாரேன்.

நவுரு. சித்தெ நானும் பாக்கறேன்.

ம். ரெண்டு அங்குலம். கீழ்க் கவுலிங்கு, காத்து வெளிய போற வாயோட மூலை. பழைய செஸ்னா 172ல அந்த மூலையில விரிசல் வராட்டித்தான் நீ ஊரக் கூட்டோணும்.

இது பொறந்த வருசம் என்ன? பட்டயத்தப் பாரு. 1977. அமெரிக்காவுல கான்சாஸ்ல விச்சிட்டாங்கற ஊருல செஞ்சது. அன்னிக்கு உங்கப்பனுக்குப் பால்பல்லு விழுந்திருக்காது. 1986ல அந்தக் கம்பெனிக்காரன் இந்த மாதிரி சின்ன ஏரோப்ளேன் செய்யறதையே நிறுத்திப்போட்டான். மறுக்கா தொடங்குனது 1996ல. நிறுத்தறதுக்கு முன்னால செஞ்சதெல்லாம் இன்னிக்கு நாப்பதத் தொட்ட, தாண்டின கெழடுங்க. நாப்பது தாண்டுனா குதிகால்ல பித்தவெடிப்பு வரும். அதுக்கு ஆம்புலன்சுக்குச் சொல்லி உடுவியா?

நானு இஞ்சினியரு இல்ல. கையெழுத்துப் போடற லைசென்சு எங்கிட்டக் கெடையாது. தகரப்பட்டறைக்காரன் மகன். ஒரு ஃப்ளையிங் கிளப்பு ஹேங்கர்ல முப்பத்தெட்டு வருசம் தகடு வெட்டி, ரிவெட் அடிச்சு, காது பாதி போனவன். நானு சேந்தப்ப பெங்களூரு எச்.ஏ.எல். செஞ்ச புஷ்பக் ஓடிக்கிட்டிருந்துச்சு. 1958ல மொதமொத பறந்த வண்டி அது. ஒடம்பு முழுக்கத் துணி, மூக்குக்கு மட்டும் தகடு. அந்தத் தகட்டுலயும் விரிசல் வந்துச்சு. அன்னிக்கு எவனும் படம் புடிக்கல. பாத்தோம், தொட்டோம், யோசிச்சோம், செஞ்சோம். படம் புடிக்க ஆசையில்லாம இல்ல, கேமரா இல்ல.

இன்னிக்கு உங்க காலம் வேற. படத்த நாலு குரூப்புல போட்டு, "அண்ணா, இது எந்த வகை விரிசல்?"னு கேக்கறீங்க. பதில் சொல்றவன் ஆரு? ரிவெட் துப்பாக்கியக் கண்ணால பாக்காதவன். ஒருத்தன் மொத்தக் கவுலிங்கையும் மாத்துங்கறான். ஒருத்தன் இன்னிமே அந்த ஏரோப்ளேன்ல ஏறாதேங்கறான். ஒருத்தன் கார்பன் ஃபைபர்ல செஞ்சு மாட்டுங்கறான். நாலாவது ஆளு கைகூப்பற பொம்மை போட்டுட்டுப் போயிர்றான். அவன் ஒருத்தன்தான் நெலவரம் தெரிஞ்சவன்.

செரி, இந்தக் கவுலிங்கு என்னத்துக்கு இருக்குதுன்னு சொல்லு பாக்கலாம். இஞ்சின மூடறதுக்கா? மழை படாம இருக்கவா? அந்தக் காலத்துல ஏரோப்ளேன் இஞ்சினுக்குச் சட்டையே இல்லாம இருந்ததுண்டு. சிலிண்டரு சுத்தியும் நீட்டிக்கிட்டு நிக்கும், பலாப்பழத்து முள்ளாட்ட. காத்து நேரா அடிச்சா ஆறிக்கும்னு நெனப்பு. 1928ல அமெரிக்காவுல லாங்லிங்கற எடத்துல ஃப்ரெட் வீக்னு ஒருத்தரும் அவரோட ஆளுங்களும் காத்துச் சுரங்கத்துல வெச்சுப் பாத்தாங்க. ஒழுங்கா ஒரு சட்டை போட்டுவுட்டா இழுவையும் கொறையும், இஞ்சினும் ஆறும்னு காட்டிப்போட்டாங்க. கோவணத்தோட ஓடறவனவிட சட்டை போட்டவன் வேகமா ஓடறான்னா சிரிப்பா இருக்கா? காத்து அப்படித்தான்.

உன்ற 172ல காத்து எப்படிப் போவுது? முன்னால ரெண்டு மூக்குத்தொளை. அதுல பூந்து, சிலிண்டருக்கு மேல நெருக்கி நின்னு, சிலிண்டரச் சுத்தி இருக்கற மெல்லிசுத் தகடுங்க சந்துல எறங்கி, கீழ வழியா வெளிய ஓடும். நம்ம வாய்க்காத் தண்ணியேதான். சுத்தி நிக்கற பேஃபிள் தகடும் அதோட விளிம்புல இருக்கற ரப்பரும் வரப்பு. வரப்பு ஒடஞ்சா தண்ணி பயிருக்குப் போவுமா, இட்டேறிக்குப் போவுமா? இப்பப் பாரு, அதா அந்தப் பக்கம் பேஃபிள் ரப்பரு தப்புப் பக்கமா மடிஞ்சு கெடக்குது. இஞ்சினோட உசுரு அங்கதான் வெந்துக்கிட்டிருக்குது. அதைய ஒருத்தனாச்சும் படம் புடிச்சியா? ரெண்டு அங்குல விரிசல் கண்ணுல பட்டுச்சு. நாலு அங்குல ரப்பரு படல.

அப்ப விரிசல் சும்மாவான்னு கேக்காதே. சும்மா எதுவும் வராது.

கணக்குப் போடு. இஞ்சினு நிமிசத்துக்கு 2,400 சுத்து. நாலு சிலிண்டரு. ஒரு சுத்துக்கு ரெண்டு சிலிண்டரு வெடிக்கும். அப்ப செகண்டுக்கு 80 ஒதை. ஒரு மணி நேரத்துக்கு 2,88,000 ஒதை. தகட்டோட கனம் ஒரு மில்லிகூட இல்ல. ஒரு தகரக் கம்பிய மடக்கி மடக்கி நிமித்துனா எத்தன தடவை தாங்கும்? கவுலிங்கு அம்பது வருசமாத் தாங்குது. அதைய மொதல்ல கும்புடு. பொறவு குத்தம் சொல்லு.

எங்க ஹேங்கர்ல ஒருக்கா ஒரு 172. இதே மூலை. விரிசல் வந்துச்சு, பேட்ச் அடிச்சேன். மூணு மாசத்துல பேட்ச்சுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. மறுக்கா அடிச்சேன். அதையும் தாண்டி மூணாவது. கவுலிங்கு பிச்சைக்காரன் சட்டையாட்ட ஆயிப்போச்சு. பெரியவங்கெல்லாம் கூடி ரெண்டு தடவை மீட்டிங்கு போட்டாங்க. தகடு செரியில்லைன்னாங்க. ரிவெட் செரியில்லைன்னாங்க. கடைசியா, ரிவெட் அடிக்கறவன் செரியில்லைன்னாங்க. நானு என்ன பேசறது? டீக்கிளாச எடுத்துக்கிட்டு எதுக்கால ஒரு டின்னு மேல போயி குந்திக்கிட்டேன்.

குந்தி, பக்கவாட்டுல இருந்து அந்த மூக்கையே பாத்தேன். புரொப்பெல்லரு நடுவுல இருக்கற கூம்பு, அதா ஸ்பின்னரு, அதுவும் கவுலிங்கும் ஒரே கோட்டுல போவோணுமில்ல? போவல. ஸ்பின்னரு சித்தெ தலை குனிஞ்சு கெடந்துச்சு, கடன் வாங்குனவனாட்ட. போயி வெரல வெச்சுத் தடவுனேன். மேல கவுலிங்கு ஸ்பின்னரவிட எடுப்பா நிக்குது. கீழ தகடு தேஞ்சு பளபளங்குது. இஞ்சினு எறங்கிப்போச்சு கண்ணு! இஞ்சினத் தாங்கற மவுண்டு ரப்பருங்க பத்துப் பன்னெண்டு வருசமா சூட்டுலயும் எண்ணெய்லயும் ஊறி, ஒரு பக்கம் நசுங்கி, பழைய செருப்பாட்ட ஆயிப்போச்சு. இஞ்சினு கீழ எறங்குது, சுத்தற ஸ்பின்னரு கவுலிங்க உரசுது, எக்ஸாஸ்ட் குழாயி அந்த வாயில இடிக்குது. கவுலிங்க நெருப்புச்சுவரோட சேத்துப் புடிக்கற சின்ன ரப்பருங்களும் பாதி கிழிஞ்சிருந்துச்சு. தகடு என்ன பண்ணும்? வாயில்லாச் சீவன். வெடிச்சுத்தானே சொல்லோணும்?

ரப்பர மாத்துனாங்க. நாலாவது விரிசல் வரவே இல்ல. மீட்டிங்குனாலதான் கண்டுபுடிச்சோம்னு எழுதி வெச்சாங்க. டீக்கிளாசப் பத்தி ஒரு வரி இல்ல.

அதனால நீ ட்ரில்லத் தொடறதுக்கு முன்னால வெரல வெச்சுத் தடவிப் பாரு. பளபளன்னு தேஞ்ச எடம் எது? கறுப்பா சாம்பப் பூத்த எடம் எது? எந்த ஸ்க்ரூ கைய வெச்சாலே ஆடுது? பத்து ஸ்க்ரூ இருக்கோண்டிய எடத்துல நாலக் காணம்னா, மிச்ச ஆறும் பத்துப்பேரு சொமையத் தூக்குதுன்னு அர்த்தம். எண்ணெய் ஊத்தற கதவு கீலுக்குப் பக்கத்துல விரிசலா? பறக்கப் போறதுக்கு முன்னால எண்ணெய்க் கம்பிய உருவிப் பாக்கற மாணவப் பசங்க அந்தக் கதவ எப்படிச் சாத்தறாங்கன்னு ஒளிஞ்சிருந்து பாரு. பஸ்சு கதவுன்னு நெனப்பு. சில வருசத்து 172ல லேண்டிங் லைட்டக் கொண்டாந்து மூக்குலயே வெச்சுப்போட்டான். ஆட்டத்துல பல்பும் போவும், பல்பத் தாங்கற எடமும் வெடிக்கும். அதைய நாம மாத்த முடியாது. அது செஞ்சவன் தலையெழுத்து, நம்ம கைவேலை.

இனி ட்ரில்லு. போன வருசம் ஒரு பையன், பரிச்சையில நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு. "தாத்தா, விரிசல் முனையில ஓட்டை போட்டா நின்னுரும்"னு எனக்கே பாடம் சொன்னான். செரி, போடுடான்னேன். கண்ணுக்குத் தெரிஞ்ச முனையில நறுக்குன்னு போட்டான். ஒரு மாசத்துல விரிசல் அந்த ஓட்டையத் தாண்டி அக்கட்டப் போயி நின்னுக்கிட்டு அவனப் பாத்துச் சிரிச்சுது.

ஏன்? கண்ணுக்குத் தெரியற முனை முனையில்லடா. அதுக்கு அக்கட்டயும் மயிரெழையாட்ட ஓடியிருக்கும். பெயிண்ட எடுத்துப்போட்டு, செவப்புச் சாயம் தடவி, சித்தெ ஊற வெச்சு, தொடச்சு, வெள்ளை மருந்து அடிச்சுப் பாக்கோணும். ஒளிஞ்சிருக்கறவன் செவப்புக் கோடா வந்து நிப்பான். அவனோட கடைசி முனையில எட்டுல ஒரு பங்கு அங்குலமோ, அதுக்குச் சித்தெ கொறச்சலோ ஒரு ஓட்டை. விரிசலுக்கு வலுவே அந்தக் கூர்முனைதான். இழுக்கற வலி முழுசும் அங்க போயிக் குவியும். வட்டத்துக்கு முனை ஏது? எங்க குத்தறதுன்னு தெரியாம வலி சுத்திக்கிட்டே கெடக்கும். ஓட்டை போட்ட பொறவு பிசிற வழிச்சு எடுக்கோணும். பிசிற உட்டா அதுவே இன்னொரு விரிசலுக்கு வெத. தொண்ணூத்தெட்டு வாங்குன பையன் அந்தப் பிசிறையும் உட்டிருந்தான். அந்த ரெண்டு மார்க்கு அங்கதான் போயிருக்கும்போல.

ஓட்டை போடறது நிறுத்தறதுக்கு மட்டுந்தான். ஒட்டுப் போடோணும். தகடு அதே சாதியா இருக்கோணும், கனம் அதே அளவோ ஒரு படி எச்சாவோ இருக்கலாம். நாலு மூலையும் வட்டமா வெட்டு. எட்டுல ஒரு பங்கு அங்குல ரிவெட்டா? தகட்டோட ஓரத்துல இருந்து கால் அங்குலமாச்சும் தள்ளி அடி. ஒண்ணுக்கொண்ணு எட்டுல மூணு பங்கு அங்குலத்துக்குக் கொறையக்கூடாது. ஓரத்துல அடிச்சா ஓரமே கிழிஞ்சு வரும், வேட்டிக் கரையில ஆணி அடிச்சாப்புல. கடைத்தெருவுல தகர வாளிக்கு அடிக்கற பாப் ரிவெட்ட எடுத்துக்கிட்டு எவனாச்சும் வந்தா வாளியோட சேத்துத் தாட்டி உடு. இதெல்லாம் எஞ் சொந்தச் சரக்கு இல்ல. மொதல்ல செஞ்சவனோட மேனுவலப் பாரு. அமெரிக்க எஃப்.ஏ.ஏ. போட்ட 43.13னு ஒரு புத்தகம் இருக்குது, எங்க ஹேங்கர்ல கெடந்ததுல பக்கமெல்லாம் எண்ணெய்க் கறை. கறை இல்லாத புத்தகம் வெச்சிருக்கற ஹேங்கரப் பாத்தா எனக்கு நெம்ப பயம்.

வெல்டு வெக்கலாமான்னு கேக்கறே, ஒம் முழியிலயே தெரியுது. எந்த நம்பரு அலுமினியத் தகடுன்னு தெரியுமா? 6061ன்னா பழகுன கையி வெல்டு வெக்கும், வெச்ச எடம் வலு கொறஞ்சு மெத்துன்னு ஆவும். 2024ன்னா அந்த நெனப்பே வேண்டாம். எதுன்னே தெரியாம நெருப்புக் காட்டறவன், மாட்டுக்கு என்ன நோவுன்னு தெரியாம சூடு போடறவன்.

ஃபைபர் கிளாசு மூக்குன்னா அது வேற வைத்தியம். மேல பெயிண்டும் ஜெல் கோட்டும் வெடிச்சிருக்கா, உள்ள நூலே அறுந்திருக்கான்னு வெரலால அமுக்கிப் பாரு. நூலு அறுந்திருந்தா உள்பக்கமாத் தேச்சு, அப்பளமாட்ட ஓரத்த மெல்லிசாச் சரிச்சு, கண்ணாடித் துணிய அடுக்கடுக்கா எப்பாக்சி போட்டு ஒட்டோணும். பழசு பாலியெஸ்டரா இருந்தா அதும்மேல எப்பாக்சி புடிக்கும். எப்பாக்சி மேல பாலியெஸ்டரு செரியாப் புடிக்காது. மாமியா ஊட்டுல மருமவ இருந்துக்குவா, மருமவ ஊட்டுல மாமியா இருக்க மாட்டாங்கறாப்புலதான். ஆனா ஒண்ணு, அம்பது வருசமா எண்ணெய் குடிச்ச ஃபைபருங்க அது. எண்ணெயக் கழுவாம ஒட்டுனா எதுவும் நிக்காது. கழுவறதுதான் முக்காவாசி வேலை. அதைய ஆரும் படம் புடிச்சுப் போடறதில்ல.

படம்னதும் நெனப்பு வருது. ஒரு மவராசன், சொந்தமா ஏரோப்ளேன் வெச்சிருந்தவரு. மூக்குல விரிசல். ஒட்டுப் போட்டா அசிங்கமாத் தெரியும்னு, சுறாமீனு வாயாட்ட ஸ்டிக்கரு ஒட்டிக்கிட்டு வந்தாரு. பல்லுங்க நடுவுல விரிசலு மறைஞ்சுபோச்சு. எல்லாரும் கிட்ட நின்னு படம் எடுத்துக்கிட்டாங்க. புண்ணுக்குப் புனுகு பூசறதுன்னு எங்காத்தா சொல்லும். அன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன். இன்ஸ்பெக்சனுக்கு வந்த இஞ்சினியரு ஸ்டிக்கர உரிச்சாரு. அதோட ஒரு உள்ளங்கை அகலத் தகடும் கையோட வந்துச்சு. அந்தத் தகடு மேல பறக்கறப்ப வந்திருந்தா? பின்னால இருக்கறது கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால இருக்கறது அந்த மவராசனோட மொகம்.

பயமுறுத்தறேன்னு நெனைக்காதே. 1954ல காமெட் ஜெட்டு ரெண்டு நடுவானத்துல ஒடஞ்சு உழுந்துச்சே, அதுவும் தகட்டு விரிசல்தான். ஆனா அது காத்தடைச்ச ஒடம்பு, இது வெறும் சட்டை. சட்டைக் கிழிசலையும் நெஞ்சுக்கூட்டு ஓட்டையையும் ஒண்ணாக்கிப் பேசறவன எட்டத்துல வெய்யி. ரெண்டு விரிசல் ஒண்ணப் பாத்து ஒண்ணு ஓடியாந்தா, இல்ல ஒரு விரிசல் மாட்டற எடத்த அறுத்துக்கிட்டுப் போனா, கைய வெச்சா தகடு ஆடுனா, அன்னிக்குப் பறக்காதே. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச சட்டம். ஒட்டுப் போட்டுக் கையெழுத்தும் வாங்கி லாக்புக்குல ஏத்துன பொறவு பற.

புதுசே வாங்கிப்போடலாம்னு அந்தக் கண்ணாடி போட்ட தம்பி சொல்லுச்சே, காதுல உழுந்துச்சு. வாங்கலாம். டாலர எண்ணிக் குடுத்து, கப்பல்ல வந்து, சுங்கம் கட்டி, கொண்டாந்து மாட்டுனா ஓட்டைக்கு ஓட்டை சேராது. இந்தக் கெழடுங்களுக்கு ஒவ்வொண்ணுக்கும் ஆளு நின்னு அதுக்கதுக்குப் பாத்து மாட்டுனாங்க. ஊருல ஒருத்தன் செருப்பு இன்னொருத்தன் காலுக்குச் சேருதா? பொறவு இழுத்துப் புடிச்சு ஸ்க்ரூ முறுக்குவான். இழுத்து மாட்டுன தகடு என்ன பண்ணும்? நீயே சொல்லு.

புதுசெல்லாம் பொல்லாதுன்னு சொல்ற ஆளில்ல நானு. புரொப்பெல்லர் ஆட்டத்த அளக்கற எந்திரம்னு ஒண்ணக் கொண்டாந்தாங்க. இஞ்சினு மூக்குல ஒரு சின்னக் குப்பியாட்ட மாட்டி, இஞ்சின ஓட்டி, எந்தப் பக்கம் எத்தன கிராம் எடை சேக்கோணும்னு சொல்லுச்சு. நானு சிரிச்சேன். ரெண்டு வாசரப் போட்டாங்க. அடுத்த தடவை ஓட்டறப்ப கவுலிங்கு மேல கைய வெச்சுப் பாத்தேன். உறுமிக்கிட்டிருந்த நாயி படுத்துத் தூங்கறாப்புல இருந்துச்சு. அன்னிக்கு வாய மூடுனவன், அதைய மட்டும் இன்னி வரைக்கும் நையாண்டி பண்றதில்ல.

செரி, பொழுது போவுது. கவுலிங்கக் கழட்டியாச்சா? அந்த பேஃபிள் ரப்பர நிமித்தி உடு. மவுண்டு ரப்பருக்கு டார்ச்சு அடி. ஸ்பின்னரத் தடவிப் பாரு, உங்கையி பேசும். விரிசல்ல எத்தன அங்குலம் பறக்கறப்ப வந்துச்சு, எத்தன அங்குலம் கழட்டி வெக்கறப்ப வந்துச்சுன்னு ஆரு கண்டா? ஹேங்கர்ல ஒடையற கவுலிங்கு எச்சு. சிமிட்டித் தரையில ஓரத்துல நிக்க வெப்பான். கதவத் தொறந்தா காத்து வந்து தள்ளும். அதனாலதான் நானு எப்பவும் ஒரு பழைய சமுக்காளம் விரிச்சு, மல்லாக்கப் படுக்க...

அடேய் கண்ணு. மேல் கவுலிங்க எங்க வெச்சே?

செவுத்துல சாச்சா?

அந்தக் கதவத் தொறக்க வேண்டாம்னு சொல்லுடா அவங்கிட்ட! டேய்!

...செரி. போயி அந்த செவப்புச் சாயத்த எடுத்தா.